தொப்பைக்கும் டபுள் பிரெஸ்டுக்கும் பகை இல்லை

கும்பகோணத்தில் கல்யாணக் கோட்டு தைப்பது என் தொழில். சில வருஷம் முன்புவரை டபுள் பிரெஸ்ட் கேட்டு யாரும் கடைப்படி ஏறியதில்லை. ஒல்லி லேப்பல் (நெஞ்சில் மடிந்து விழுகிற காலர் ஓரம்), இரண்டு பட்டன், பின்பக்கம் பாதி தெரிகிற குட்டைக் கோட்டு, கணுக்காலோடு நின்றுவிடும் பேண்ட். எல்லா மாப்பிள்ளைக்கும் அதே அச்சுதான். இப்போது பையன்கள் போனில் படத்தை நீட்டி, "அண்ணே, இந்த மாதிரி ரெண்டு வரிசை பட்டன் வச்சது வேணும்" என்கிறார்கள். கூட வந்த அப்பா உடனே, "உன் தொப்பைக்கு அது சரிவராதுடா" என்பார். பெண் வீட்டு மாமா, "நம்ம ஊர் புழுக்கத்துக்கு அது எதுக்குங்க?" என்பார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் பதில் உடம்பிலும் வெயிலிலும் இல்லை, வெட்டுகிறவன் கையில் இருக்கிறது. பட்டன் எந்த இடத்தில் உட்காருகிறது, கோட்டின் முதுகு எவ்வளவு லேசாக இருக்கிறது, இந்த இரண்டும் சரியாக இருந்தால் டபுள் பிரெஸ்ட் யாருக்கும் பொருந்தும். இதைத் தெரிந்துகொண்டு டெய்லரிடம் போனால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் காரைக்காலில் கடை வைத்திருந்தவர். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்கள் அங்கே நிறைய. அந்த வீட்டு ஆட்கள் பிரான்ஸிலிருந்து வரும்போது கொண்டுவருகிற கோட்டுகள் ஆல்ட்ரேஷனுக்கு அவரிடம்தான் வரும். கை நீளம் குறைக்கக் கொடுத்த கோட்டில் லைனிங்கை ஒரு ஓரம் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவர் கோட்டு படித்தார். டபுள் பிரெஸ்டை மட்டும் அவர் "கப்பல் கோட்டு" என்பார். அது சரியான பேர்தான். 19ஆம் நூற்றாண்டில் கடற்படைக்காரர்கள் போட்ட ரீஃபர் ஜாக்கெட்டிலிருந்து வந்த உருவம் அது. கடற்காற்று நெஞ்சில் ஏறாமல் இருக்க, முன்பாகம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி வெட்டினார்கள். காற்று உள்ளே வரக்கூடாது என்று பிறந்த கோட்டைக் காற்றே இல்லாத ஊரில் போட வேண்டியிருக்கிறது, அதுதான் நமக்குள்ள வேலை.

துணி கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் கோட்டு இது. அதனாலேயே இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டனில் துணிச் சிக்கனத்துக்காக டபுள் பிரெஸ்டுக்கே தடை போட்டார்கள். பேண்டின் அடிமடிப்புக்கும் சேர்த்துத் தடை. தடை நீங்கியதும் திரும்பி வந்தது. எண்பதுகளில் பெரிய தோள்பேடோடு ஊரெல்லாம் சுற்றியது, அப்புறம் மறைந்தது. இங்கிலாந்தின் மூன்றாம் சார்லஸ் மட்டும் எந்த ஃபேஷன் வந்தாலும் போனாலும் அதை விடவில்லை. இப்போது பையன்கள் காட்டுகிற படங்களில் எண்பதுகளின் அகலத் தோள் இல்லை, லேப்பல் மட்டும் அகலமாக இருக்கிறது. நல்ல மாற்றம்தான் என்பேன்.

பட்டனுக்கு வருகிறேன். டபுள் பிரெஸ்டை இரண்டு எண்ணால் சொல்வது வழக்கம். 6×2 என்றால் முன்னால் தெரிவது 6 பட்டன், அதில் காஜாவோடு மாட்டக்கூடியது 2. 6×1 என்றால் ஆறில் ஒன்று மட்டும் மாட்டும். 4×2, 4×1 உண்டு. 6×2இல் மேல் ஜோடி அழகுக்கு, கொஞ்சம் அகன்று நிற்கும். நடு ஜோடியும் கீழ் ஜோடியும் நேராக ஒன்றன்கீழ் ஒன்று இருக்கும். இந்த நடு ஜோடி எந்த உயரத்தில் வருகிறது என்பதில்தான் முழுக் கோட்டும் நிற்கிறது. அது உங்கள் உண்மையான இடுப்பில், அதாவது பக்கவாட்டில் குனிந்தால் உடம்பு மடிகிற இடத்தில் வர வேண்டும். பேண்ட் கட்டுகிற இடத்தை இடுப்பு என்று நினைத்துக்கொண்டு டேப் வைத்தால் தப்பாகிவிடும். அங்கிருந்து ஒரு அங்குலம் மேலே போனால் நெஞ்சைக் கட்டிவைத்த மாதிரி இருக்கும், ஆள் குட்டையாகத் தெரிவார். ஒரு அரை அங்குலம் கீழே இறக்கினால் லேப்பல் நீண்டு இறங்கும், உயரம் கூடின மாதிரி இருக்கும். குள்ளமானவர் டபுள் பிரெஸ்ட் போடக்கூடாது என்பார்களே, அது மேலே பட்டன் வைத்த கோட்டைப் பார்த்துச் சொன்னது. கீழ்ப் பட்டனில் மாட்டி லேப்பலை நீளமாக உருட்டிவிடுகிற முறைக்கு 'கென்ட்' என்று பெயர். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கென்ட் கோமகன் ஜார்ஜ் போட்டுப் பரப்பியது. குள்ளமானவர் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தொப்பை. எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பட்டனுக்கு நடுவில் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். அது அகன்றால் வயிறும் அகன்று தெரியும். நான் கீழ் ஜோடிகளை நாலரை அங்குலத்துக்கு மேல் விடுவதில்லை. மேல் ஜோடியை அதைவிட ஒன்று, ஒன்றரை அங்குலம் அகட்டுவேன். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் கண் தோளுக்குப் போகும். பீக் லேப்பலின் முனையும் தோளைப் பார்த்துத்தான் நிற்கிறது, அதுவும் உதவி. லேப்பல் மூன்றரையிலிருந்து நாலு அங்குலம். ஒல்லி லேப்பலில் டபுள் பிரெஸ்ட் தைத்தால் முன்பாகம் வெறும் துணிப்பலகையாகத் தெரியும், கேட்டாலும் நான் தைத்துக்கொடுப்பதில்லை.

தொப்பைக்காரருக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதைப் பல கடைகளில் செய்வதில்லை. வயிற்றின்மேல் துணி ஏறி இறங்க வேண்டும், அதனால் முன்பாகத்தின் நீளம் முதுகைவிடக் கூட வேண்டும். அப்படிக் கூட்டாமல் வெட்டினால் வயிறு துணியை மேலே இழுத்துக்கொள்ளும். கோட்டின் முன் ஓரம் தரையைப் பார்க்காமல் எதிரே நிற்பவரைப் பார்க்கும். சிங்கிள் பிரெஸ்டில் முன் ஓரம் வளைந்து விலகுவதால் இது அவ்வளவாகத் தெரியாது. டபுள் பிரெஸ்டின் ஓரம் நேர்க்கோடு, அரை அங்குலம் தூக்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பாக்கெட்டுக்குக் கீழே ஒளித்து ஒரு வெட்டுப் போட்டு, வயிற்றுக்கு இடம் கொடுத்து அடியில் பிடித்துவிட்டால் சரியாகிவிடும். "முன்னால தூக்காம பாத்துக்குங்க" என்று ட்ரையலிலேயே சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்த மாஸ்டருக்கு அந்த ஒரு வரி போதும்.

உள்பட்டன் ஒன்று இருக்கிறது. இடது முன்பாகத்தின் உள்ளே, வெளிப் பட்டனுக்கு நேர் பின்னால் தைத்திருக்கும். உள்ளே போகிற வலது முன்பாகத்தின் ஓரக் காஜாவை அதில் மாட்டிவிட்டு அப்புறம்தான் வெளிப் பட்டனைப் போட வேண்டும். இது இல்லையென்றால் உள்பாகம் தன் கனத்தில் தொங்கி, கோட்டின் அடியில் நாக்கு நீட்டிய மாதிரி வெளியே வரும். ரெடிமேட் டபுள் பிரெஸ்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த உள்பட்டனை. அது இல்லாத கோட்டில் வேறு எதைப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. நம் ஊர் மாப்பிள்ளைகளில் பலர் இருப்பதை மாட்டுவதும் இல்லை. கொடுக்கும்போது நான் இரண்டு தடவை மாட்டிக் கழற்றிக் காட்டி, தோழனையும் அருகில் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். ரிசப்ஷன் அவசரத்தில் மாப்பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது.

அதோடு, டபுள் பிரெஸ்டைத் திறந்துவிட்டுத் திரியக்கூடாது. இரண்டு பக்கமும் கூடுதல் துணி தொங்கி, கதவு திறந்த பீரோ மாதிரி ஆகிவிடும். நிற்கும்போது பூட்டியே இருக்க வேண்டும். கென்ட் முறை தவிர மற்றதில் கீழ்ப் பட்டனைத் திறந்து விடலாம், நடுப் பட்டன் போட்டே ஆக வேண்டும். நல்லா வெட்டிய கோட்டு என்றால் உட்காரும்போதும் கழற்ற வேண்டியிருக்காது. ட்ரையலில் நின்று கண்ணாடி பார்த்ததும் சரி என்று கிளம்பிவிடாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், கையை முன்னால் நீட்டுங்கள், யாருக்காவது மாலை போடுவது போல இரண்டு கையையும் தூக்குங்கள். மாலை மாற்றும்போது கோட்டு முழுவதும் கையோடு மேலே போனால் கக்கக்குழி ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அக்குள் பக்கம் உயர்த்தி வெட்டினால்தான் கை தனியாக அசையும். தாராளமாக இருக்கட்டும் என்று ஆழமாக வெட்டச் சொல்கிறவர்கள் அவஸ்தையைக் கேட்டு வாங்குகிறார்கள்.

சரி, புழுக்கம். டபுள் பிரெஸ்டில் வயிற்றின்மேல் எத்தனை அடுக்கு வருகிறது என்று யோசியுங்கள். இரண்டு முன்பாகம், ஒவ்வொன்றுக்கும் உள்பக்க மடிப்புத் துணி, நடுவில் கோட்டு நிற்பதற்கு வைக்கிற கான்வாஸ் துணி, கூடவே லைனிங். இதற்குக் கீழே சட்டை, அதற்கும் கீழே பனியன். முன்னால் சேர்கிற இந்தக் கனத்தை முழுசாகக் குறைக்க முடியாது, குறைத்தால் கோட்டு நிற்காது. அதனால் முதுகில் கழித்துக்கொள்ள வேண்டும். முதுகுக்கு முழு லைனிங் வேண்டாம், தோள்பட்டை மூடுகிற அளவுக்கு மேலே ஒரு துண்டு போதும். மிச்ச இடத்தில் உள்தையல் ஓரங்களுக்குப் பைப்பிங் கட்டி முடிப்போம். முழு லைனிங்கைவிட இதில் வேலை அதிகம், கூலியும் கூட ஆகும். லைனிங்தானே குறைந்தது என்று பேரம் பேசாதீர்கள். கைக்கு மட்டும் லைனிங் அவசியம், இல்லாவிட்டால் வியர்த்த கை உள்ளே வழுக்காது. பளபள பாலியெஸ்டர் லைனிங் வியர்வையை அப்படியே முதுகில் நிறுத்தும், விஸ்கோஸ் லைனிங் கேட்டு வாங்குங்கள். பின்னால் நடுவில் ஒரு பிளவுக்குப் பதில் இரண்டு பக்கமும் பிளவு வைத்தால், பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டாலும் கோட்டு சுருண்டு ஏறாது.

துணியில் எல்லாரும் ஏமாறுகிற இடம், 'மெல்லிசாக இருந்தால் குளிர்ச்சி' என்ற எண்ணம். நெருக்கி நெய்த மெல்லிய பாலியெஸ்டர் கலப்பு, கொஞ்சம் கனமான திறந்த நெசவுக் கம்பளியைவிடப் புழுங்கும். கம்பளி என்றதும் முகம் சுளிக்கிறார்கள். டிராபிகல் வுல் என்று கேளுங்கள். முறுக்கேற்றிய நூலில் சாதா நெசவாக நெய்தது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணுக்குக் கண் ஓட்டை தெரியும். மீட்டருக்கு 250 கிராமை ஒட்டி இருந்தால் நம் ஊருக்கும் சரி, தொங்குவதற்கும் சரி. வாயை வைத்து ஊதிப் பார்த்தால் அந்தப் பக்கம் பிடித்த கையில் காற்று பட வேண்டும். துணிக்கடையில் அப்படிச் செய்தால் விற்கிற பையன் சிரிப்பான், பரவாயில்லை. லினனும் நல்லதுதான், ஆனால் மடிப்பு விழும். அந்தச் சுருக்கத்தையும் ரசிக்கிறவர் வாங்கலாம். ரிசப்ஷன் போட்டோவில் சுருக்கம் தெரிந்தால் மாமியார் வீட்டில் பேச்சு வரும் என்று பயப்படுகிறவருக்கு வேண்டாம். சூப்பர் 120, 150 என்ற எண்களை வைத்து விலை ஏற்றுவார்கள். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு நுண்ணியது என்பதைச் சொல்கிறது, உழைப்பைச் சொல்லவில்லை. எண் ஏற ஏற துணி நொய்மை, சீக்கிரம் கசங்கும். இங்கே 100, 110 போதும்.

58 அங்குலத் துணியில் சாதாரண சூட்டுக்கு மூன்று, மூன்றே கால் மீட்டர் எடுக்கிறோம் என்றால் டபுள் பிரெஸ்டுக்குக் கூட ஒரு கால் மீட்டர் சேர்த்து எடுங்கள். கட்டம் போட்ட துணி என்றால் இன்னும் கொஞ்சம் கூட, ஏனென்றால் மேலேறும் பாகத்தில் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். முதல் தடவை என்றால் கட்டமே வேண்டாம், கருநீலமோ கருஞ்சாம்பலோ போதும். கருநீலத்தில் தங்க நிறப் பட்டன் கேட்காதீர்கள். கப்பலில் அது அழகு. நம் மண்டப வாசலில் பேண்ட் வாத்தியக்காரரும் அதே நிறத்தில், அதே பட்டனோடு நிற்பார், வருகிற பெரியவர் யாராவது உங்களைப் பார்த்து, "அடுத்த பாட்டு எப்ப தம்பி?" என்று கேட்டுவிடுவார். கொம்புப் பட்டன் போடுங்கள்.

உள்ளே கான்வாஸா, ஃப்யூசிங்கா என்று கேட்டுவிடுவதும் முக்கியம். ஃப்யூசிங் என்பது சூட்டில் ஒட்டுகிற பசைத் துணி. கான்வாஸ் என்பது தையலால் பிடித்திருப்பது. ஈரப்பதம், வியர்வை, ட்ரைகிளீனிங், நீராவி இஸ்திரி எல்லாம் சேர்ந்து பசையை விடுவிக்கும், நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எழும்பினால் சரிசெய்ய வழியே இல்லை. டபுள் பிரெஸ்டில் முன்பாகம் அகலம் என்பதால் கொப்புளத்துக்கும் இடம் அதிகம். முழுக் கான்வாஸ் விலை கட்டுப்படியாகாவிட்டால், நெஞ்சுக்கும் லேப்பலுக்கும் மட்டும் கான்வாஸ் வைத்த அரைக் கான்வாஸ் கேளுங்கள். கீழ்ப் பட்டனுக்குக் கீழே முன்துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் தனியாக மிதக்கிற ஒரு துணி அகப்பட்டால் கான்வாஸ் கீழ்வரை இருக்கிறது. அகப்படாவிட்டால் மேலே நெஞ்சுப் பக்கமும் அதே மாதிரி பிடித்துப் பாருங்கள், அரைக் கான்வாஸ் அங்கேதான் சிக்கும். இரண்டு இடத்திலும் எல்லாம் ஒரே தகடாக வந்தால் பசை.

லேப்பலின் உள்ளே கையால் போடுகிற சின்னச் சின்னக் குறுக்குத் தையல்தான் அதை உருண்டு திரும்ப வைக்கிறது. அதை உட்கார்ந்து போட ஆள் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாகிறது. அந்த உருட்டலைத்தான் இஸ்திரிக் கடையில் பெட்டியை வைத்து அழுத்திக் கத்தி மடிப்பு ஆக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். லேப்பல் மடிப்பில் பெட்டி படக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு தடவை சொல்லுங்கள்.

பழைய கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இப்போது உண்டு. அப்பாவின் எண்பதுகள் டபுள் பிரெஸ்ட், பீரோவில் அந்துருண்டை வாசனையோடு இருந்தது, ஃபேஷன் திரும்பிவிட்டதால் போடலாமே என்று. போடலாம், தோள் பொருந்தினால் மட்டும். கை நீளம் குறைக்கலாம், இடுப்பு பிடிக்கலாம், தோள்பேடை மெல்லிசாக்கலாம். தோளையே உள்ளே கொண்டுவருவது கோட்டைப் பாதி பிரித்துத் தைக்கிற வேலை, புதுக் கோட்டுக்கு ஆகிற கூலியில் பெரும்பங்கு போய்விடும். பட்டன் உயரத்தை மாற்றவே முடியாது, காஜா வெட்டியாகிவிட்டது. டபுள் பிரெஸ்டை சிங்கிளாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பேண்ட் பற்றி ஒரு வரி. இடுப்புக்குக் கீழே இறங்கிய லோ வெய்ஸ்ட் பேண்டோடு டபுள் பிரெஸ்ட் சேராது. கோட்டு நடு உடம்பை உயரத்தில் பிடிக்கிறது, பேண்ட் கீழே தொங்கினால் கால் குட்டையாகிவிடும். தொப்புளை ஒட்டி நிற்கிற பேண்ட், முன்னால் ஒரு மடிப்பு, அவ்வளவுதான்.

டெல்டா பக்கம் ஜானவாசம் வைக்கிற வீடுகளில் கோட்டு சூட்டு பெண் வீட்டுச் செலவு. மாப்பிள்ளை பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். பெண்ணின் மாமா ஒரு அளவுச் சட்டையைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, "இத வச்சு தச்சுடுங்க, கல்யாணத்துக்கு மொத நாள் வந்துடுவார்" என்பார். அளவுச் சட்டையை வைத்துச் சட்டை தைக்கலாம், சிங்கிள் பிரெஸ்டைக்கூட ஒருமாதிரி ஒப்பேற்றலாம். டபுள் பிரெஸ்டுக்கு ஆள் நேரில் வந்தே ஆக வேண்டும். வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்ட கோட்டை உடம்பில் மாட்டி, பட்டன் இடத்தைச் சாக்பீஸால் அப்போதுதான் குறிக்கிறோம். வர முடியாது என்றால் சிங்கிள் பிரெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். சில பேருக்குக் கோபம் வருகிறது. திறந்த காரில், நாயனத்துக்குப் பின்னால், ஊரே பார்க்கப் போகிற மாப்பிள்ளை கோட்டு முன்னால் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது என் கடைக்குத்தான் கெட்ட பேர்.

போட்டு முடித்த அன்றைக்கே பீரோவில் பூட்டாதீர்கள். தோள் அகலத்துக்கு இருக்கிற தடிமனான ஹேங்கரில் மாட்டி ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் காயவிடுங்கள், துணி பிரஷ்ஷால் தட்டுங்கள். ட்ரைகிளீனிங் அடிக்கடி வேண்டாம், கறை பட்டால் மட்டும் போதும். கடையில் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு பழைய வேட்டியில் உறை தைத்துப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிற கம்பளியில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் ஆச்சரியம். மழை விட்டு வெயில் காய்கிற நாளில் நிழலில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு எடுத்துவையுங்கள்.

தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் கார்த்திகை பிறந்ததும் துணியோடு டெய்லரிடம் போய்விடுங்கள். முதல் ட்ரையல் கார்த்திகை கடைசியில், இரண்டாவது மார்கழியில், பொங்கலுக்கு முன்னால் கோட்டு கையில் இருக்கும். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் மட்டும் போகாதீர்கள். அப்போது கோட்டு வெட்டுகிற மேஜையில் சட்டைத் துணிதான் மலையாகக் குவிந்திருக்கும், மாஸ்டர் உங்கள் தோளைப் பார்த்துப் பேசுகிற நிலையில் இருக்கமாட்டார்.